தொண்டு நிறுவனத்தைப் பலப்படுத்த எந்த வகைப் பணம்? ஓர் ஒப்பீடு

சில வருடங்கள் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலை பார்த்தேன். மாதக் கடைசியில் நான் செய்யும் முதல் காரியம், என் சம்பளத்தை நான்கு துண்டாக்குவது. நான்கு ப்ராஜெக்ட், நான்கு நிதியாளர்கள். முப்பது நாளில் பன்னிரண்டு நாள் முதல் ப்ராஜெக்ட்டில், எட்டு நாள் இரண்டாவதில், மீதிப் பத்து நாள் மற்ற இரண்டிலும் பாதிப் பாதி என்று டைம்ஷீட்டில் எழுதுவேன். ஒருவர் வாடகையை ஏற்பார், மின்கட்டணத்தை ஏற்க மாட்டார். இன்னொருவர் மின்கட்டணத்தை ஏற்பார், இன்டர்நெட் கூடாது என்பார். ஆடிட் கட்டணத்தை நால்வருமே ஏற்காததால் ஒரு வருடம் எங்கள் இயக்குநர் அதைத் தன் கையிலிருந்து போட்டார்.

அந்த நால்வரும் நல்ல மனசுக்காரர்கள். களத்துக்கு வந்து பார்த்தார்கள், எங்கள் வேலையை மதித்தார்கள், அமைப்பு பலப்பட வேண்டும் என்று உண்மையாகவே விரும்பினார்கள். அவர்கள் பணம் வந்து சேர்ந்த விதம்தான் எங்களைத் தேய்த்தது. இன்று நான் மேசையின் மறுபக்கம் இருக்கிறேன். ஒரு சிறிய அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களைப் படித்து, அறங்காவலர்களுக்குப் பரிந்துரை எழுதுவது என் பொறுப்பு. நல்ல வேலை செய்யும் ஓர் அமைப்பு இருக்கிறது, கையில் ஒரு தொகை இருக்கிறது. அந்த அமைப்பு வளர்ந்து இன்னும் நிறையப் பேருக்குப் பயன்பட வேண்டுமானால் அந்தத் தொகையை எந்த உருவில் கொடுப்பது? இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. நான் பார்த்த வழிகளை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 'திறன் வளர்ப்பு' என்றதும் பலருக்குப் பயிற்சி வகுப்புதான் நினைவுக்கு வருகிறது. ஓர் அமைப்பின் திறன் என்று நான் சொல்வது இவற்றை: கணக்கை அன்றன்றைக்கு முடித்துவைக்கும் ஆள். யாராவது தினமும் புதுப்பிக்கும் தகவல் பதிவு. இயக்குநர் ஒரு மாதம் படுத்துவிட்டாலும் வேலையை நடத்தக்கூடிய இரண்டாம் வரிசை. வரவு செலவைப் படித்துக் கேள்வி கேட்கும் நிர்வாகக் குழு. தவணை தாமதமானாலும் சம்பளம் போடும் அளவுக்குக் கையிருப்பு. இவற்றில் பெரும்பாலானவை ஆட்களிடம் இருப்பவை. அந்த ஆட்கள் போய்விட்டால் திறனும் அவர்களோடு போய்விடும்.

ப்ராஜெக்ட் பணம், முழுச் செலவோடு

உலகத்தில் அதிகம் கொடுக்கப்படுவது ப்ராஜெக்ட் பணம்தான். இவ்வளவு பேருக்கு இந்தச் சேவை, இந்த மாதத்திலிருந்து இந்த மாதம் வரை, இவ்வளவு செலவு. நிதியாளருக்கு இதில் நிம்மதி இருக்கிறது. தன் பணம் எங்கே போனது என்று விரல் வைத்துக் காட்டலாம். சிக்கல் நிர்வாகச் செலவில் வருகிறது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு ப்ராஜெக்ட்டின் நேரடிச் செலவு 100. அதை நடத்த அமைப்புக்கு உண்மையில் ஆகும் மறைமுகச் செலவு, அதாவது கணக்காளர், அலுவலகம், ஆடிட், இயக்குநரின் நேரம் எல்லாம் சேர்த்து, 30. நிதியாளர் தருவது 10. ஆக 20 துண்டு விழுகிறது. இப்படி நான்கு ப்ராஜெக்ட் இருந்தால் பள்ளம் 80. ஐந்தாவது ப்ராஜெக்ட் கிடைத்தால் 100. புதிய நிதி கிடைத்துவிட்டது என்று எல்லோரும் கைகொடுக்கும் அன்றைக்கே அமைப்பின் ஓட்டை பெரிதாகிறது. எங்கள் அலுவலகத்தில் இது நடந்தது. ஒரே வருடத்தில் இரண்டு புதிய ப்ராஜெக்ட்டுகள் வந்தன. அந்த வருடம்தான் சம்பளம் முதல் தடவையாக இருபதாம் தேதிக்குப் போனது.

2009-ல், தொண்டு நிறுவனங்களுக்கு ஆலோசனை தரும் அமெரிக்காவின் பிரிட்ஜ்ஸ்பன் குழுமத்தைச் சேர்ந்த இருவர் இந்த நிலைக்குப் 'பட்டினிச் சுழல்' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். நிர்வாகச் செலவு இவ்வளவுதான் ஆகும் என்று நிதியாளர் நம்புகிறார். அமைப்பு பயந்துபோய் அதற்கேற்றபடி குறைத்துக் காட்டுகிறது. குறைத்துக் காட்டியதைப் பார்த்து நிதியாளரின் எதிர்பார்ப்பு இன்னும் இறங்குகிறது. அமைப்பு நிஜமாகவே வயிற்றைக் கட்டுகிறது. அதே குழுமம் 2016-ல் நன்கு அறியப்பட்ட 20 தொண்டு நிறுவனங்களின் கணக்கை ஆராய்ந்தபோது, நேரடிச் செலவோடு ஒப்பிட்டால் மறைமுகச் செலவு 21 சதவீதத்திலிருந்து 89 சதவீதம் வரை இருந்தது. நடு அளவு 40. ஆய்வுக்கூடம் வைத்திருக்கும் அமைப்புக்கும் வீடு வீடாகப் போகும் அமைப்புக்கும் ஒரே விகிதம் பொருந்தாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. அமெரிக்க மத்திய அரசின் மானிய விதிகளில், தனியாக விகிதம் பேசி முடிக்காத அமைப்புகளுக்கு மறைமுகச் செலவுக்காக 10 சதவீதம் என்று இருந்ததை 2024 அக்டோபரிலிருந்து 15 ஆக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவின் பெரிய நிதியாளர்களில் ஒன்றான ஃபோர்டு அறக்கட்டளை 2015-லேயே தன் ப்ராஜெக்ட் மானியங்களில் இதை 10-லிருந்து 20 ஆக உயர்த்தியது.

ஆகவே ப்ராஜெக்ட்டாகத்தான் கொடுக்க முடியும் என்ற கட்டாயத்தில் இருக்கும் நிதியாளர் ஒன்று செய்யலாம். அமைப்பின் உண்மையான விகிதத்தைக் கேட்டு, அதைக் கொடுத்துவிடலாம். இதைச் செய்யாமல் மேலே வேறு எந்தத் திறன் வளர்ப்புத் திட்டம் தீட்டினாலும் அது ஓட்டைப் பானையில் ஊற்றும் தண்ணீர்தான். ஆனால் முழுச் செலவு கொடுப்பதால் அமைப்பு வளர்ந்துவிடாது. தேயாமல் இருக்கும், அவ்வளவுதான்.

பயிற்சிப் பட்டறைகள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிதியாளர் தன்னிடம் நிதி பெறும் இருபது அமைப்புகளைக் கூட்டி மூன்று நாள் பயிற்சி தருகிறார். தலைக்கு ஆகும் செலவு குறைவு, கணக்குக் காட்டுவதும் எளிது. ஆனால் வருவது யார்? முக்கியமான வேலையில் இருப்பவரை மூன்று நாள் விட முடியாது. அதனால் இருப்பவர்களில் புதியவரை அனுப்புவார்கள். அவர் கற்றுக்கொண்டு திரும்பி வரும்போது அதை நடைமுறைப்படுத்தும் அதிகாரமும் அவரிடம் இருக்காது, நேரமும் இருக்காது. பணம் தருபவர் அழைக்கும்போது 'எங்களுக்கு இது தேவையில்லை' என்று சொல்லும் தைரியம் எந்தச் சிறிய அமைப்புக்கும் வராது என்பதையும் நிதியாளர்கள் மனசில் வைக்க வேண்டும்.

ஓர் இடத்தில் மட்டும் இது நன்றாக வேலை செய்து பார்த்திருக்கிறேன். சட்டமோ வரி விதியோ மாறி, எல்லோருக்கும் ஒரே விஷயம் ஒரே சமயத்தில் தெரிய வேண்டியிருக்கும்போது. அப்புறம், ஒரே அளவுள்ள அமைப்புகளின் கணக்காளர்கள் மாதம் ஒருமுறை தங்களுக்குள் சந்தித்துப் பேச வழி செய்து கொடுத்தால் அதற்கும் நல்ல பலன் உண்டு. அங்கே யாரும் யாருக்கும் பாடம் எடுப்பதில்லை. பக்கத்து அமைப்பு அந்தச் சிக்கலை எப்படிச் சமாளித்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்.

குறிப்பிட்ட தேவைக்கென்று தனி மானியம்

புதிய கணக்கு மென்பொருள், இணையதளம், நிதி திரட்ட ஓர் ஆள், ஐந்தாண்டுத் திட்டம் என்று ஒரு தேவையைக் குறித்து அதற்கு மட்டும் பணம் தருவது இது. பெரிய அறக்கட்டளைகளில் அமெரிக்காவின் பேக்கர்டு அறக்கட்டளை 1980-களிலேயே இதற்கென்று தனித் திட்டம் வைத்திருந்தது. நான் கவனித்தவரை, வெற்றி தோல்வி ஒரே கேள்வியில் தங்கியிருக்கிறது: தேவையைக் குறித்தது யார்?

நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு நிதியாளர் பயனாளிகள் விவரத்தைப் பதிவு செய்ய மென்பொருளும் எட்டு டேப்லெட்டுகளும் வாங்கித் தந்தார். களப்பணியாளர்கள் ஆறு பேர். அவர்கள் நோட்டில் எழுதியதை மாலையில் டேப்லெட்டில் ஏற்ற வேண்டும். ஒருவருக்குத் தினமும் ஒன்றரை மணி நேரம் பிடித்தது. அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு எந்த பட்ஜெட்டிலும் இடமில்லை. மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார்கள். நான்காவது மாதம் வருட உரிமக் கட்டணத்தைப் புதுப்பிக்கச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. மானியத்தில் அது இல்லை. எட்டு டேப்லெட்டுகளும் பீரோவின் கீழ்த்தட்டில், சார்ஜர் ஒயர் சுற்றியபடியே இருந்தன. களப்பணியாளர்களில் மூத்தவரான ஓர் அக்கா என்னிடம் சொன்னார்: "தம்பி, எங்களைக் கேட்டிருந்தா ஒரு டேட்டா என்ட்ரி ஆளைப் போடச் சொல்லியிருப்போம்."

அந்த ஒரு வாக்கியத்தை நான் இன்று ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறேன். பொருள் வாங்க மட்டும் பணம் கேட்டால், அதை இயக்கும் ஆளுக்கும் இரண்டாம் வருடக் கட்டணத்துக்கும் பணம் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்கிறேன். இல்லையென்றால் சேர்த்து எழுதச் சொல்கிறேன்.

இந்த வகை மானியம் பொருந்தும் சந்தர்ப்பங்களும் தெளிவாக உண்டு. நிறுவனர் இரண்டு வருடத்தில் விலகப் போகிறார், அடுத்தவரைத் தயார்ப்படுத்த வேண்டும். ஆடிட்டர் கடுமையான குறிப்பு எழுதிவிட்டார், கணக்கு முறையையே மாற்ற வேண்டும். வேறொரு அமைப்போடு இணையப் பேச்சு நடக்கிறது, வக்கீல் செலவு இருக்கிறது. இவை தொடக்கமும் முடிவும் உள்ள வேலைகள். முடிவில்லாத வேலைக்கு முடிவுள்ள மானியம் கொடுத்தால்தான் பீரோவில் தூசி படிகிறது.

ஆலோசகரோடு வரும் பணம்

1997-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ என்ற வணிக இதழில் வந்த ஒரு கட்டுரை, அறக்கட்டளைகள் துணிகர முதலீட்டாளர்களிடம், அதாவது புதிய தொழில்களில் துணிந்து பணம் போடுபவர்களிடம், பாடம் கற்க வேண்டும் என்று வாதிட்டது. சில அமைப்புகளை மட்டும் தேர்ந்தெடுத்து, பெரிய தொகையை நீண்ட காலத்துக்குக் கொடுத்து, கூடவே நின்று வளர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். அமெரிக்காவின் எட்னா மெக்கானல் கிளார்க் அறக்கட்டளை அந்த வழியில் வெகுதூரம் போனது. பல துறைகளில் சிதறியிருந்த தன் மானியங்களை 2000-ஐ ஒட்டிய வருடங்களில் இளையோருக்கான சில அமைப்புகளில் குவித்தது. வளர்ச்சித் திட்டம் எழுத ஆலோசகர்களை ஏற்பாடு செய்தது. பிறகு மற்ற நிதியாளர்களையும் சேர்த்துக்கொண்டு மூன்று அமைப்புகளுக்காக மட்டும் 12 கோடி டாலர் திரட்டியது.

நிரூபணமான ஒரு வேலைமுறையைக் கையில் வைத்துக்கொண்டு பத்து மடங்கு விரிய நினைக்கும் அமைப்புக்கு இது ஏற்ற வழி. அப்படிப்பட்ட அமைப்புகள் குறைவு. மற்றவர்களுக்கு இதன் பாரம் அதிகம். மாதம் இரண்டு கூட்டம், காலாண்டுக்கொரு அறிக்கை, இயக்குநரின் நேரத்தில் கணிசமான பங்கு ஆலோசகருக்கே போய்விடும். வணிக நிறுவனங்களில் பழகிய ஆலோசகர் வந்தால், ஒரு தாயின் நம்பிக்கையைப் பெறக் களப்பணியாளர் ஏன் ஆறு தடவை வீட்டுக்குப் போகிறார் என்று புரியவைப்பதற்கே மாதங்கள் ஆகும். ஆலோசகர் வேண்டும் என்றால், அவரைத் தேர்ந்தெடுக்கவும் பிடிக்காவிட்டால் நிறுத்தவும் அமைப்புக்கே உரிமை இருக்க வேண்டும். பணத்தை அமைப்பின் கணக்குக்கு அனுப்பி, அவர்கள் கையால் ஆலோசகருக்குக் கொடுக்கச் சொன்னாலே பாதி பிரச்சினை தீர்ந்துவிடும். ஆலோசகர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அப்போது தெளிவாகிவிடுகிறது.

நிபந்தனை தளர்ந்த, பல வருடப் பணம்

இதுதான் என் மனசுக்கு நெருக்கமான வழி. அமைப்பின் நோக்கத்துக்குள் எதற்கு வேண்டுமானாலும் செலவு செய்துகொள்ளலாம், மூன்றிலிருந்து ஐந்து வருடம் வரை உறுதி, முழு அமைப்புக்கும் சேர்த்து ஓர் ஆண்டறிக்கை போதும்.

ஃபோர்டு அறக்கட்டளை 2016-ல் தொடங்கிய பில்டு திட்டம் இதற்குப் பெரிய உதாரணம். 100 கோடி டாலர். ஓர் அமைப்புக்குப் பொதுவாக ஐந்து வருடம். தளர்வான பணம், அதனோடு அமைப்பைப் பலப்படுத்தவென்றே ஒரு பங்கு. எந்த இடத்தில் பலப்படுத்துவது என்பதை அமைப்பே முடிவு செய்யும். வெளியாட்களை வைத்துப் பல வருடம் மதிப்பீடு செய்தார்கள். காலம், தளர்வு, பலப்படுத்தும் பங்கு ஆகிய மூன்றும் சேர்ந்து வந்ததுதான் வேலை செய்தது என்பது அதில் கிடைத்த முக்கியமான பாடம். 2021-ல் இன்னொரு 100 கோடி டாலரை ஒதுக்கித் திட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

காலம் ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு வருட ஒப்பந்தத்தில் வேலைக்குச் சேரும் கணக்காளர் ஒன்பதாவது மாதத்திலேயே வேறு வேலை தேட ஆரம்பித்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் குடும்பம் இருக்கிறது. நானும் அப்படித்தான் விலகினேன். நான் போனதும் வந்தவருக்கு எங்கள் வவுச்சர் எண் முறை புரியவே மூன்று மாதம் ஆனது. அந்த இடைவெளியில் ஒரு நிதியாளருக்குக் கணக்கு தாமதமாகப் போய், அடுத்த தவணை நின்றது. ஐந்து வருட உறுதி இருந்திருந்தால் இயக்குநர் எனக்கு மூன்று வருட வேலை என்று சொல்லியிருப்பார், நானும் இருந்திருப்பேன்.

தளர்வு ஏன் முக்கியம் என்பதை 2020 காட்டிவிட்டது. பெருந்தொற்று வந்தபோது, பள்ளிக்கூடம் மூடியிருக்கையில் பள்ளி நிகழ்ச்சிக்கென்று வந்த பணத்தைத் தொட முடியாமல் அமைப்புகள் தவித்தன. அந்த வருடம் நூற்றுக்கணக்கான நிதியாளர்கள் தங்கள் நிபந்தனைகளைத் தளர்த்துவதாகக் கையெழுத்திட்டார்கள். அவசரத்தில் சாத்தியமானது மற்ற நாட்களிலும் சாத்தியம்தான்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எங்கள் அறங்காவலர் ஒருவர் கேட்டார்: "நம்ம பணத்தால என்ன நடந்ததுன்னு எப்படிச் சொல்றது?" நியாயமான கேள்வி. தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது என்பதே பதில். அமைப்பு முழுவதும் என்ன செய்தது, அதில் நம் பங்கு எத்தனை சதவீதம் என்று சொல்லலாம். இரண்டாவது, தேர்வில் தவறினால் சேதம் பெரிது. தலைமை சரியில்லாத அமைப்புக்குத் தளர்வான பணம் கொடுத்தால் அதன் கோளாறுகள் இன்னும் சில வருடம் வெளியே தெரியாமல் ஓடும். அதனால் உழைப்பு முழுவதையும் முன்பக்கம் கொண்டுவர வேண்டும். கொடுத்த பிறகு வவுச்சர் பார்க்கும் நேரத்தை, கொடுப்பதற்கு முன் மூன்று வருடக் கணக்கைப் படிக்கவும், விலகிப் போன ஊழியர் இரண்டு பேரிடம் பேசவும், நிர்வாகக் குழுக் கூட்டக் குறிப்புகளைப் பார்க்கவும் செலவிடலாம். மூன்றாவது, ஒரே நிதியாளரின் பங்கு மிகப் பெரிதாகிவிட்டால் அவர் விலகும் நாளில் அமைப்பு சாய்ந்துவிடும்.

ஒரே தடவையில் பெரிய தொகை, அப்புறம் கையிருப்பு

அமெரிக்கப் பெரும் பணக்காரரான மெக்கென்சி ஸ்காட் 2020-ல் ஜூலையில் 116 அமைப்புகளுக்கும் டிசம்பரில் 384 அமைப்புகளுக்கும் கொடுத்தார். இரண்டும் சேர்த்தால் 590 கோடி டாலரை ஒட்டி வரும். எதற்குச் செலவிட வேண்டும் என்று நிபந்தனை இல்லை. விண்ணப்பம் இல்லாமலே பலருக்கும் தகவல் போனது. பணம் தீர்ந்ததும் இந்த அமைப்புகள் பள்ளத்தில் விழும் என்று அப்போது பலர் பயந்தார்கள். பின்னர் மூன்று வருடம் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு மையம், அப்படிப் பரவலாக நடக்கவில்லை என்று எழுதியது. அவ்வளவு பெரிய தொகை நம்மில் யாரிடமும் இல்லை. ஆனால் அதில் ஒரு பங்கைப் பல அமைப்புகள் கையிருப்பாக வைத்துக்கொண்டன என்பது சிறிய நிதியாளருக்கும் பயன்படும் செய்தி. மூன்று மாதச் செலவுக்காவது பணம் கையில் இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. பெரும்பாலான ஒப்பந்தங்கள் மிச்சப் பணத்தைத் திருப்பிக் கேட்கின்றன. அதனால் பத்து வருடம் திறமையாக நடந்த அமைப்பிடமும் ஒரு மாதச் சம்பளத்துக்குப் பணம் இருக்காது. மிச்சம் பிடித்ததை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதுவதற்கு நிதியாளருக்குக் கூடுதலாக எதுவும் செலவாகாது.

நான் எப்படிப் பிரிப்பேன்

அமைப்பு மிகச் சிறியது, இரண்டு மூன்று பேர்தான் என்றால், கணக்கு, சம்பளப் பட்டியல், சட்டப் பதிவு இவற்றைப் பல அமைப்புகளுக்கும் பொதுவாகச் செய்து தரும் ஓர் இடத்தோடு இணைத்துவிடுவது நல்லது. அந்த அளவில் தனிக் கணக்காளர் வைப்பது தாங்காது. விரிவடையும் கட்டத்தில், நிரூபணமான வேலைமுறையோடு இருப்பவர்களுக்கு ஆலோசகரோடு வரும் பெரிய பணம் பொருந்தும். இடையில் இருப்பவை, அதாவது பத்திலிருந்து ஐம்பது பேர் வரை வேலை செய்யும், நன்றாக நடக்கும், எப்போதும் மூச்சு வாங்கும் அமைப்புகள். நம் கைக்கு வரும் விண்ணப்பங்களில் பெரும்பகுதி இவர்களுடையதுதான்.

இவர்களுக்கு என் கையில் 100 இருந்தால், 70-ஐத் தளர்வான பணமாக நான்கைந்து வருடத்துக்குப் பரப்புவேன். 15-ஐ அவர்களே தேர்ந்தெடுக்கும் பலப்படுத்தும் வேலைக்கு, முதல் வருடம் முடிந்த பிறகு கொடுப்பேன். முதல் வருடத்தில் கேட்டால் நமக்குப் பிடித்ததைச் சொல்வார்கள். ஒரு வருடம் பழகிய பிறகு உண்மையான தேவை வெளியே வரும். 10-ஐக் கையிருப்புக்கென்று முதல் நாளே கொடுத்து, எந்தச் சூழ்நிலையில் எடுக்கலாம் என்பதை அவர்கள் நிர்வாகக் குழுவே எழுதிக்கொள்ளச் சொல்வேன். மீதி 5-ஐ யாரும் எதிர்பார்க்காத ஒன்றுக்காக என் பக்கத்தில் வைத்திருப்பேன்.

அறிக்கையைப் பொறுத்தவரை, வேறொரு நிதியாளருக்கு ஏற்கெனவே எழுதியதையே எனக்கும் அனுப்பினால் போதும் என்று சொல்லிவிடுவேன். கடைசித் தவணை எந்த மாதம் என்பதையும், அதற்குப் பிறகு தொடர்வோமா மாட்டோமா என்பதையும் ஒன்றரை வருடத்துக்கு முன்பே கடிதமாகக் கொடுப்பேன். அந்த ஒன்றரை வருடத்தில் இயக்குநர் வேறு கதவுகளைத் தட்ட முடியும், கணக்காளரிடம் உட்கார்ந்து அடுத்த வருடம் என்ன நிலைமை என்று மறைக்காமல் பேசவும் முடியும்.